இணையச் சொற்களும் நம் கடமையும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

     

ஆண்டுக் கூட்டத்தில் தொழுகையைப் பற்றியும், ஸகாத்தைப் பற்றியும், பிள்ளைகளின் மார்க்கக் கல்வியைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு இணையத்தில் புழங்கும் சொற்களைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். ஓர் ஆலிமுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ணியவர்களில் நாமும் ஒருவராகவே இருந்தோம். ஒரு நிகழ்ச்சி அந்த எண்ணத்தை மாற்றியது. அதை மறைக்காமல் சொல்வதே முறை. ஏனெனில் அதில் பிழை செய்தவர் நாமே.

ஒரு சொல்லால் வந்த இழப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், நம் மஹல்லாவைச் சேர்ந்த முதிய தாய் ஒருவர் கையில் செல்பேசியோடு பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார். தந்தையை இழந்த பேத்தியை அவர்தாம் வளர்த்து வருகிறார். அப்பிள்ளையின் படிப்புக்கான உதவித்தொகை விண்ணப்பத்தை அண்டை வீட்டுப் பையன் செல்பேசியிலேயே நிரப்பிக் கொடுத்திருந்தான். "ஹஜ்ரத், வேலை முடிந்துவிட்டதா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறியும், அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு சொற்களும் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தோம்: 'சேவ்டு சக்சஸ்புல்லி.' சக்சஸ் என்றால் வெற்றி என்பது நமக்குத் தெரியும். "அல்ஹம்துலில்லாஹ், முடிந்துவிட்டது அம்மா, கவலையின்றிப் போய் வாருங்கள்" என்று அனுப்பிவைத்தோம்.

சில மாதங்கள் கழித்து உதவித்தொகை பெறுவோர் பட்டியல் வந்தபோது அப்பிள்ளையின் பெயர் அதில் இல்லை. பிரவுசிங் சென்டரில் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. 'சேவ்' என்றால் எழுதியதைச் சேமித்து வைத்தல் மட்டுமே. அதன் பிறகு 'ஃபைனல் சப்மிட்', அதாவது இறுதியாகச் சமர்ப்பித்தல் என்ற பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அதை யாரும் அழுத்தவில்லை. கடைசி நாளும் கடந்துவிட்டது. கடிதத்தை எழுதி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தபாலில் சேர்த்துவிட்டதாக நம்பியதற்கு ஒப்பானது இது.

அந்தத் தாய் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "ஹஜ்ரத் சொல்லிவிட்டார் என்றுதான் நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னார். கடிந்துகொண்டிருந்தால்கூட நமக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவ்வாண்டுக் கட்டணத்தை நம் பைத்துல்மால் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தொகை வேறோர் ஏழையின் தேவைக்குச் சென்றிருக்க வேண்டியது அல்லவா?

மதரஸாவில் ஓதிய காலத்தில் நம் உஸ்தாதுமார்கள் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிட மாட்டார்கள். 'முர்ஸில்' என்றால் அனுப்பியவர், 'முர்ஸல்' என்றால் அனுப்பப்பட்டவர். ஸேர் இருக்க வேண்டிய இடத்தில் ஸபர் வந்தால் பொருளே தலைகீழாகிவிடும் என்று பிரம்போடு கற்றுக் கொடுத்தார்கள். அரபியில் அத்தனை எச்சரிக்கையோடு இருந்த நாம், திரையில் தெரிந்த ஒரு சொல்லை ஊகத்தால் படித்தோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட எத்தனையோ கேள்விகளுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. அன்று நாமும் "தெரியாது அம்மா, தெரிந்தவரிடம் கேட்போம்" என்று சொல்லியிருந்தால் அப்பிள்ளையின் உதவித்தொகை போயிருக்காது.

சொல்லைக் கற்பது நமக்குப் புதிதன்று

முதல் மனிதர் ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பொருட்களின் பெயர்களைக் கற்பித்தான் என்று திருமறை கூறுகிறது. பெயர் தெரியாத பொருளை நாம் ஆள முடியாது. அது நம்மை ஆளும்.

நபி (ஸல்) அவர்கள் தம் தோழர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அவர்களிடமிருந்து வரும் கடிதங்களைப் படிக்கவும், அவர்களுக்கு விடை எழுதவும் தம்மவர் ஒருவர் வேண்டும் என்பதே அதன் காரணம். அரை மாதத்திற்குள் ஸைத் (ரலி) அவர்கள் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. நம் கடிதத்தை நாமே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். இன்று நம் கடிதங்கள் செல்பேசித் திரையில் வருகின்றன.

தமிழகத்து முஸ்லிம்கள் சொற்களை எவ்வாறு கையாண்டார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஸலாத் என்பதைத் தொழுகை என்றோம். ஸவ்ம் என்பதை நோன்பு என்றோம். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றோம். அரபிச் சொல்லையும் விடவில்லை, தமிழ்ச் சொல்லையும் தள்ளவில்லை. தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத் தமிழையும் நம் முன்னோர் வளர்த்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1925ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று இதே பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா அவர்கள், தாம் நடத்திய 'ஞானபானு' இதழின் வாயிலாகத் தனித்தமிழில் எழுதுவோருக்குப் பரிசு அறிவித்தவர். நம் மொழியில் சொல் இருக்கிறதா என்று தேடிய மனிதர் நடமாடிய மண் இது.

இணையத்தில் தமிழைச் சேர்த்த உழைப்பில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயரும் நிலைத்திருக்கிறது. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி அவர்கள் 1953இல் பிறந்து 2006இல் இறையடி சேர்ந்தவர்கள். துபாயில் பணியாற்றியவர்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒவ்வொரு தமிழ் இணையதளமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் தமிழுக்குப் பதிலாகக் கட்டங்களும் கிறுக்கல்களும்தான் தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் வகுத்த யுனிகோடு முறை இக்குழப்பத்தைத் தீர்க்க வந்தது. அம்முறையில் 'தேனீ' என்னும் எழுத்துருவை உருவாக்கி, விலையின்றி வழங்கினார்கள் உமர் தம்பி அவர்கள். 2010ஆம் ஆண்டு கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில், தமிழ் இணையக் கண்காட்சி அரங்கிற்கு அவர்களுடைய பெயர் சூட்டப்பட்டது. அவர்கள் போன்றோர் உழைத்துத் திறந்துவைத்த வாசலின் முன், உள்ளே இருப்பவற்றின் பெயர்கூடத் தெரியாமல் நாம் நிற்கலாமா?

அறிய வேண்டிய சில சொற்கள்

மதரஸாவில் அரபிச் சொல்லை முதலில் சொல்லி, அடுத்து அதன் பொருளைச் சொல்வார்கள். அதே முறையை இங்கும் கைக்கொள்வோம். திரையில் வருவது ஆங்கிலச் சொல்லாக இருக்கும். அதன் பொருளை விளக்குவது தமிழ்ச் சொல். இரண்டையும் அறிய வேண்டும்.

இன்டர்நெட் என்பது இணையம். உலகெங்கும் உள்ள கணினிகளையும் செல்பேசிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் வழி அது. நம் ஊரிலிருந்து தருமபுரிக்கும் பென்னாகரத்திற்கும் செல்லும் சாலையைப் போன்றது. வெப் என்பது வலை. அச்சாலையின் ஓரத்தில் இருக்கும் கடைகளையும் அலுவலகங்களையும் போன்றது. சாலை வேறு, கடை வேறு. வலையை 1989ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை ஒட்டியுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் திட்டமிட்டார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிறுவனம் அதை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ள வழங்கிவிட்டது. நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

பிரவுசர் என்பது உலாவி. சர்ச் என்ஜின் என்பது தேடுபொறி. உலாவி நம்மை ஏற்றிச் செல்லும் வண்டி. தேடுபொறி வழி கேட்கப்படும் ஆள். வழி சொல்பவர் முதலில் காட்டும் கடையே சிறந்த கடை என்பதில்லை. பணம் பெற்றுக்கொண்டு முதலிடத்தில் வைக்கும் விளம்பரங்களும் அங்கு உண்டு. அவற்றின் மேல் 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் குறித்திருப்பார்கள். வங்கியின் தொலைபேசி எண்ணைத் தேடி, கண்ணில் பட்ட முதல் எண்ணை அழைத்து மோசடிக்காரரிடம் சிக்கியவர்கள் பலர்.

யுஆர்எல் என்பது இணைய முகவரி. இதைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்வுக் கோட்டிற்கு முன்னுள்ள பெயரை, நாம் அரபியும் உருதும் படிப்பதுபோல் வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அரபியரின் பெயரில் பின், பின் என்று தொடர்ந்து இறுதியில் குலத்தின் பெயர் நிற்பதைப்போல, இணைய முகவரியிலும் யாருடைய தளம் என்பது வலக்கோடியில்தான் தெரியும். இந்திய ஹஜ் கமிட்டியின் முகவரி 'ஹஜ்கமிட்டி டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறது. 'கவ் டாட் இன்' என்ற முடிவு இந்திய அரசுத் தளங்களுக்கு உரியது. ஒருவன் 'ஹஜ்கமிட்டி டாட் கவ் டாட் இன்' என்பதை முன்னால் எழுதி, அதன் வலப்பக்கத்தில் வேறொரு பெயரையும் 'டாட் காம்' என்பதையும் சேர்த்தால், அது அந்த வேறொருவரின் தளமே. இடப்பக்கத்தை மட்டும் படிப்பவர் ஏமாந்துவிடுவார். ஹஜ் விண்ணப்பத்தை இணையத்தின் வழியாகச் செய்யும் இக்காலத்தில் இதை அறியாமல் பணம் கட்டலாமா?

முகவரிக்கு அருகில் சில வேளை பூட்டுச் சின்னம் தெரியும். அதன் பொருள், நாம் அனுப்புவதை இடைவழியில் பிறர் படிக்க முடியாது என்பதே. எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது சான்று அன்று. கள்வனுக்கு எழுதும் கடிதத்தையும் உறையில் போட்டு ஒட்டலாம்.

பாஸ்வேர்டு என்பது கடவுச்சொல். ஓடிபி என்பது ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல். இரண்டும் நம் வீட்டுச் சாவிகள். வங்கி அலுவலர் என்று சொல்லிக்கொண்டு எவர் கேட்டாலும் கொடுக்கலாகாது. யுபிஐ பின் என்பது நம் கணக்கிலிருந்து பணத்தை அனுப்புவதற்கு இடப்படும் எண். பணம் பெறுவதற்கு அது தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறோம், பின் எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவன் சொன்னால், முர்ஸிலுக்கும் முர்ஸலுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் நம்மிடம் மறைக்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பைல் என்பது கோப்பு. கோப்பின் பெயரின் இறுதியில் அதன் இனம் இருக்கும். 'பிடிஎஃப்' என்று முடிந்தால் அது படிப்பதற்கான தாள். 'ஏபிகே' என்று முடிந்தால் அது செல்பேசிக்குள் குடியேறும் செயலி. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணத்தைத் திருடும் மோசடி குறித்து 2024ஆம் ஆண்டில் நம் நாட்டின் காவல்துறையினர் எச்சரித்தார்கள். நிக்காஹ் அழைப்பிதழ் எவருக்கும் ஏபிகேயாக வராது.

அலவ் என்பது அனுமதி. புதிய செயலி ஒன்றைத் திறந்ததும் நம் தொடர்பு எண்களையும் படங்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்கும். பொருள் தெரியாமல் அலவ், அலவ் என்று அழுத்திக்கொண்டே போகிறோம். ஸலாம் சொல்லி அனுமதி பெற்ற பின்பே பிறர் வீட்டில் நுழைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், நம் வீட்டு அறைகளை எல்லாம் யாரென்று கேளாமல் திறந்துவிடலாமா? டார்ச் விளக்குச் செயலிக்கு நம் குறுஞ்செய்திகள் எதற்கு?

ஃபார்வர்ட் என்பது வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புதல். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது திருமறையின் கட்டளை. 2018ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாகப் பரவிய பொய்ச் செய்தியால் நம் தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் குற்றமற்றவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. நாம் விரலுக்கு இட வேண்டிய வரம்பை நிறுவனம் இட வேண்டியதாயிற்று.

இறுதியாக, நம்மை வெட்கப்பட வைத்த சொற்கள். டிராஃப்ட் என்றால் வரைவு. சேவ் என்றால் சேமித்தல். சப்மிட் என்றால் சமர்ப்பித்தல். சமர்ப்பித்த பின் ஒப்புகை எண் ஒன்று வரும். அந்த எண் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஜமாஅத்தின் பொறுப்பு

இது தனி மனிதரின் காரியம் மட்டுமன்று. வக்ஃபு சொத்துகளின் விவரங்களைப் பதிவு செய்வதற்காக மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று 'உமீத்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. ஆறு மாதத்திற்குள் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அத்தளத்தில் மூன்று நிலைகள் அமைக்கப்பட்டன. முத்தவல்லி விவரங்களை இடுபவர், அதாவது 'மேக்கர்'. வக்ஃபு வாரியத்தில் சரிபார்ப்பவர் 'செக்கர்'. ஒப்புதல் அளிப்பவர் 'அப்ரூவர்'. நம் நாட்டின் எத்தனையோ ஜமாஅத்துகள் அப்போது இச்சொற்களின் பொருள் தேடி அலைந்தன. பள்ளிவாசலையும் கபரஸ்தானையும் நமக்காக விட்டுச்சென்ற முன்னோர், பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டிருப்பார்கள். அவர்களுடைய அமானிதத்தைக் காக்க நாமும் அவ்வளவு கவனத்தோடு இருக்க வேண்டாமா?

ஆகவே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். ஞாயிறுதோறும் மஃரிபு தொழுகைக்குப் பின் அரை மணி நேரம், நம் மக்தபு கூடத்தில் இச்சொற்களைக் கற்போம். வாரத்திற்கு 10 சொற்கள். 12 வாரங்களில் 120 சொற்கள். கரும்பலகையில் மூன்று பத்திகள் இருக்கும். திரையில் தெரியும் ஆங்கிலச் சொல், அதற்குரிய தமிழ்ச் சொல், அதை அழுத்தினால் என்ன நிகழும் என்ற விளக்கம். தாய்மார்களுக்குப் பெண்கள் மதரஸாவில் நம் கல்லூரி மாணவிகள் கற்பிக்கட்டும். செல்பேசியின் மொழியைத் தமிழுக்கோ உருதுவுக்கோ மாற்றிக்கொள்ளவும் அங்கேயே பழக்குவோம். அவரவர் வீட்டில் பேசும் மொழியில் 'அனுமதி' என்றோ 'இஜாஸத்' என்றோ தெரிந்தால், அழுத்துவதற்கு முன் விரல் சற்று நிற்கும். பணம் பறிபோனதாக அறிந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை அக்கூடத்தின் சுவரில் பெரிதாக எழுதி வைப்போம்.

பத்ருப் போரில் சிறைபிடிக்கப்பட்டோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே அவர்களுடைய விடுதலைக்கு ஈடு என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாறு உண்டு. கற்பிப்பவர் யார் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. கல்வி வந்து சேர்கிறதா என்பதையே பார்த்தார்கள். நம் பெரியோர்களும் பேரப்பிள்ளைகளிடம் கற்க வெட்கப்பட வேண்டாம். இளைஞர்களே! ஆளுக்குப் பத்துப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். "கொடுங்கள், நானே செய்துவிடுகிறேன்" என்று செல்பேசியை அவர்கள் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். அவர்களுடைய விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள்.

வகுப்பின் முதல் நாள் முதல் வரிசையில் மாணவராக நாம் அமர்வோம். அந்த முதிய தாயையும் நேரில் சென்று அழைத்திருக்கிறோம். "ஹஜ்ரத்தும் படிக்கிறார் என்றால் நானும் வருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவருடைய பேத்தியே முதல் வகுப்பை நடத்தப்போகிறாள். அவள் எழுதப்போகும் முதல் சொல் 'சப்மிட்'.

பயனுள்ள கல்வியை நம் அனைவருக்கும் இறைவன் வழங்குவானாக. அறியாததை அறியாது என்று சொல்லும் துணிவையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.